இரண்டாவது மானிட்டர்: ஓட்டையைப் பார்த்து கன்வெர்ட்டர் வாங்காதீர்கள்

கணினியிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் இணைப்பில் எச்டிஎம்ஐ, விஜிஏ என்று வகைகள் உண்டு. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டரும், விஜிஏவை எச்டிஎம்ஐயாக மாற்றும் கன்வெர்ட்டரும் கடையில் ஒரே கொக்கியில் தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாற்றி வாங்கி வந்துவிட்டால் மாட்டுகிற இடமெல்லாம் பொருந்தும், மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும் போகாது. கன்வெர்ட்டர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்து, அதே ரகத்தில் இன்னொன்றை வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர்.

கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. படம் எங்கிருந்து எங்கே போகிறது? போகிற வழியில் அதன் தன்மை மாறுகிறதா? விஜிஏ என்பது 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் முறை. மின்னழுத்தம் ஏறி இறங்குவதுதான் அதில் படம். டிவிஐ (பெரும்பாலும்), எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் எல்லாம் டிஜிட்டல். டிஜிட்டலை அனலாக் ஆக்க உள்ளே ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும், அது ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். இவ்வளவுதான் அடிப்படை. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

இன்னொன்று: நம் பக்கக் கடைகளில் 'அடாப்டர்' என்று கேட்டால் லேப்டாப் சார்ஜரைத்தான் எடுத்துப் போடுவார்கள். 'கன்வெர்ட்டர்' என்று கேளுங்கள். கணினிப் பக்கத்தை முதலில் சொல்லுங்கள்: 'சிபியூவில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ'. முடிந்தால் இரண்டின் முதுகையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

கணினியின் முதுகில் என்ன இருக்கிறது

விஜிஏ நீல நிறம், மூன்று வரிசையில் 15 ஓட்டை, இரு பக்கமும் திருகு. டிவிஐ வெள்ளை நிறம், அகலமானது. எச்டிஎம்ஐ 19 பின் உள்ள பட்டை வாய். கீழ்ப்பக்கம் இரண்டு மூலையும் சரிந்திருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டும் அதே அளவுதான், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளின் தலையில் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்காமல் இழுத்தால் கொக்கி பிடித்துக்கொண்டு சாக்கெட்டையே பெயர்த்துவிடும்.

டிவிஐயில் ஒரு நுணுக்கம். தட்டையான பெரிய பின்னைச் சுற்றி நான்கு சிறு ஓட்டைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ. அனலாக்கும் அதில் வரும், சிப் இல்லாத சின்ன வெள்ளைத் தலையைப் போட்டு விஜிஏ எடுக்கலாம். அந்த நான்கு ஓட்டை இல்லாவிட்டால் டிவிஐ-டி. அதில் அனலாக்கே இல்லை. நான்கு பின்னை முறித்துவிட்டுத் தலையைத் திணித்துப் பார்ப்பவர்கள் உண்டு. தலை ஏறும், படம் வராது. என்விடியாவின் 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து கார்டுகளில் டிவிஐ இருந்தாலும் அது டிவிஐ-டி மட்டும்தான். அவற்றுக்கு விஜிஏ மானிட்டர் போட வேண்டுமானால் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவை.

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு தனியாகச் செருகியிருந்தால், இரண்டு மானிட்டரையும் அந்தக் கார்டிலேயே மாட்டுங்கள். சிபியூ நிமிர்ந்து நிற்கும்போது மேலே, யுஎஸ்பி, நெட்வொர்க் வாய்களுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் வாய். கீழே குறுக்கு வாட்டில் இருப்பது கார்டின் வாய். கார்டு இருக்கும்போது மதர்போர்டு வாய் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அதையும் சேர்த்துப் பயன்படுத்த பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதுபோல் ஒரு அமைப்பைத் திறந்துவிட வேண்டும். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இல்லாவிட்டால் அதுவும் பலிக்காது. இன்டெல்லில் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் (ஐ5-10400எஃப் போல), மதர்போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தும் அது வெறும் ஓட்டைதான்.

கார்டு இல்லாத அலுவலகக் கணினிகளில் நல்ல செய்தி: மதர்போர்டில் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்யும். இப்போதுள்ள மானிட்டர் எச்டிஎம்ஐயில் இருந்தால், உள்வீட்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய விஜிஏ மானிட்டரை ஒரு விஜிஏ கேபிளால் மாட்டிவிடலாம். கன்வெர்ட்டரே வேண்டாம். செட்டிநாட்டு வீட்டில் எதையும் லேசில் தூக்கிப்போடுவதில்லை என்பது இந்த விஷயத்தில் கைகொடுக்கிறது. டாலி ஒரு திரை, ஜிஎஸ்டி தளம் ஒரு திரை என்று வேலை பார்க்கிற கணக்கர் மேசைக்கு அந்தப் பதினேழு அங்குலமே தாராளம்.

எதிலிருந்து எதற்கு

எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ: இங்கே அதிகம் தேவைப்படுவது இதுதான். சிப் உள்ள கன்வெர்ட்டர், சில நூறு ரூபாய். கணினியின் எச்டிஎம்ஐ வாயில் 18-ஆம் பின் வழியாக 5 வோல்ட் வரும். கன்வெர்ட்டர் அதில்தான் ஓடுகிறது. ஆனால் கணினி தந்தே ஆக வேண்டிய அளவு 55 மில்லியாம்பியர் மட்டுமே. பல கன்வெர்ட்டர்கள் அதைவிட அதிகம் கேட்கும். சில லேப்டாப்புகள் கேட்டதைக் கொடுக்கும், சில கொடுக்காது. படம் வந்து பத்து நிமிடத்தில் கறுப்பாகி மறுபடி வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எனவே பக்கவாட்டில் மைக்ரோ யுஎஸ்பி மின் வாய் உள்ள கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். தேவைப்பட்டால் பழைய போன் சார்ஜர் கேபிளைக் கணினியின் யுஎஸ்பியிலிருந்து கொடுத்துவிடலாம். 3.5 மி.மீ. ஆடியோ வாயும் இருந்தால் நல்லது, ஏனென்றால் விஜிஏ ஒலியைக் கொண்டுபோகாது. தொட்டால் சூடாக இருப்பது இயல்பு. கையை எடுக்கிற அளவுக்குச் சுட்டால் மாற்றிவிடுங்கள்.

இதில் ஒரு மோசடியான சரக்கும் உண்டு. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவில் வெறும் கேபிள், தலை இரண்டும் ஒல்லி. சிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. 'சிபியூவில் எச்டிஎம்ஐ இருந்தால் இதில் படம் வருமா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் தயங்கினால் விட்டுவிட்டு வாருங்கள்.

விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐ: பழைய கணினி, புது மானிட்டர் அல்லது டிவி. இதற்கும் சிப் வேண்டும். விஜிஏ வாயிலிருந்து மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் இந்தக் கன்வெர்ட்டரில் யுஎஸ்பி வால் ஒன்று கூடவே வரும். அதைச் செருக மறந்துவிட்டு 'ஓடவில்லை' என்பதுதான் முதல் புகார். ஒலிக்கு 3.5 மி.மீ. வயரை கணினியின் பச்சை ஆடியோ வாயில் மாட்ட வேண்டும்.

எச்டிஎம்ஐ, டிவிஐ-டி இரண்டுக்கும் இடையே சிப் வேண்டாம். உள்ளே ஓடும் படச் சமிக்ஞை ஒன்றே. வெறும் தலைமாற்றி போதும், எந்தத் திசையிலும் போகும். ஒலி மட்டும் பெரும்பாலும் வராது. ஒற்றை இணைப்பு டிவிஐயில் 60 ஹெர்ட்ஸில் 1920×1200 வரை போகலாம். 2560 அகல மானிட்டருக்கு 24 பின்னும் உள்ள இரட்டை இணைப்புக் கேபிள் தேவை.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ: எளிது. பெரும்பாலான கணினிகளில் டிஸ்ப்ளேபோர்ட் வாய்க்குப் பக்கத்தில் 'டிபி' குறியுடன் இரண்டு கூட்டல் குறி இருக்கும். அதன் பொருள், அந்த வாயே எச்டிஎம்ஐ மொழியிலும் பேசும் என்பது. மலிவான கன்வெர்ட்டரோ கேபிளோ போதும். அதையே திருப்பிப் போட்டால், அதாவது கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால், அந்தக் கேபிள் செத்த கேபிள். இந்தத் திசைக்குத் தனியாக, யுஎஸ்பி மின்சாரம் வாங்கும் கன்வெர்ட்டர் வேண்டும், விலையும் கூடுதல். பெரும்பாலும் அந்த மானிட்டரிலேயே ஒரு எச்டிஎம்ஐ வாயும் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

4கே மானிட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். எச்டிஎம்ஐ 1.4 வாயில் 4கே வரும், ஆனால் நொடிக்கு 30 படம்தான். மவுஸ் அம்பு சேற்றில் நடப்பதுபோல் நகரும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. பழைய இன்டெல் போர்டுகளில் எச்டிஎம்ஐ 1.4 நிலையிலும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 நிலையிலும் இருப்பதுண்டு. அங்கே டிஸ்ப்ளேபோர்ட்டிலேயே நேராக மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக ஸ்பிளிட்டர். ஒரு எச்டிஎம்ஐ வாயை இரண்டாகப் பிரிக்கும் பெட்டியை வாங்கி வந்து, இரண்டு திரையிலும் வேறு வேறு படம் எதிர்பார்க்கக் கூடாது. அது ஒரே படத்தை இரண்டாக நகல் எடுக்கும், அவ்வளவே. கண்டாங்கிச் சேலைக் கடையில் பில் போடும் திரையை வாடிக்கையாளருக்கும் அப்படியே காட்ட வேண்டுமா, ஸ்பிளிட்டர் போதும். மேசையை அகலமாக்க வேண்டுமா, இரண்டு தனி வாய் வேண்டும்.

டைப்-சி மட்டும் உள்ள லேப்டாப்

டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே அதில் படம் வரும் என்று சொல்ல முடியாது. சார்ஜ் மட்டும் ஏறுவது உண்டு, பென்டிரைவ் மட்டும் படிப்பது உண்டு. ஓட்டைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட்டின் 'டிபி' குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத லேப்டாப்பில் எந்த விலையில் ஹப் (ஒரு வாயைப் பல வாயாக்கும் பெட்டி) வாங்கினாலும் அதன் எச்டிஎம்ஐ வாய் ஊமைதான்.

ஆப்பிள் எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். இரண்டு எச்டிஎம்ஐ வாய் உள்ள ஹப்பை மாட்டினால் இரண்டிலும் ஒரே படம் வரும். விண்டோஸ் லேப்டாப்பில் அதே ஹப் இரண்டு தனித் திரையாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு மேக்கில் குழம்ப வேண்டாம்.

வேறு வழியே இல்லாதபோது யுஎஸ்பி டிஸ்ப்ளே அடாப்டர் இருக்கிறது. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ளவை நம்பகமானவை. விலை சில ஆயிரம். இவை கணினியின் படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியே அனுப்பி அங்கே விரிப்பவை, ஆகவே டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கட்டாயம், பிராசசரும் கொஞ்சம் உழைக்க வேண்டும். நீல நிற யுஎஸ்பி 3.0 வாயில் செருகுங்கள். எக்செல், டாலி, பிரவுசருக்கு நன்றாக இருக்கும். வீடியோ எடிட்டிங்குக்கு ஆகாது. காப்புரிமைப் பூட்டுள்ள படங்கள் அந்தத் திரையில் கறுப்பாகத் தெரியலாம். மேக்கில் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' அனுமதி கொடுத்தால்தான் ஓடும்.

மாட்டுவதற்கு முன் எர்த்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகள் பல மின்சாரம் வருவதற்கு முன்பே எழுந்தவை. வயரிங் பின்னால் ஏறியது. பல அறைகளில் இன்றும் இரண்டு பின் சாக்கெட்தான். மூன்று பின் சாக்கெட் இருந்தாலும் மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயர் வராமல் இருக்கலாம்.

எர்த் இல்லாத சிபியூவின் இரும்புப் பெட்டியில் கையை வைத்தால் சுள்ளென்று இழுக்கும். மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் பவர் சப்ளைக்குள் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் பெட்டிக்கு இணைந்திருக்கும். பெட்டி எர்த்துக்குப் போகாவிட்டால் 230 வோல்ட்டின் பாதி, சுமார் 115 வோல்ட், அதில் மிதக்கும். மின்னோட்டம் சிறிது என்பதால் ஆளுக்கு ஆபத்து குறைவு. எச்டிஎம்ஐ சிப்புக்கு அப்படியில்லை. எர்த் இல்லாத சிபியூவையும் எர்த் உள்ள மானிட்டரையும் மின்சாரம் இருக்கும்போதே கேபிளால் இணைத்தால், அந்த வித்தியாசம் முழுவதும் கேபிளின் பின்கள் வழியே பாயும். 'நேற்றுவரை ஓடிய எச்டிஎம்ஐ வாய் இன்று செத்துவிட்டது' என்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

செய்ய வேண்டியது: எலக்ட்ரீஷியனைக் கொண்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்-நியூட்ரல் சுமார் 230, பேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் அதைப் போட்ட பிறகுதான் மானிட்டர் வேலை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் கட்டையைத் தூக்கி எறியுங்கள். சிபியூ, இரண்டு மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில், ஒரே சாக்கெட்டில் மாட்டுங்கள். யுபிஎஸ் இருந்தால் எல்லாம் அதில்; 22 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று 20-30 வாட்தான் இழுக்கும், 600 விஏ யுபிஎஸ் தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் போடாதீர்கள்.

டிவியை இரண்டாம் திரையாகப் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் கேபிள் டிவி வயரோ டிஷ் வயரோ வந்திருக்கும். அது மாடியிலிருந்து இறங்கும் உலோகம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலும் சித்திரைக் கோடை இடியிலும் அந்த வழியாக வரும் அதிர்ச்சி செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ கேபிள், கணினி என்று வரிசையாகப் பதம் பார்க்கும். வானம் முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு எச்டிஎம்ஐ கேபிளையும் உருவிவிடுங்கள்.

மாட்டும் வரிசை

கணினியை ஷட்டவுன் செய்து சுவர் சுவிட்சையும் அணையுங்கள். மானிட்டரின் சுவிட்சும் அணைந்திருக்கட்டும். கன்வெர்ட்டரைக் கணினியிலும், அதற்குள் மானிட்டர் கேபிளையும் செருகுங்கள். கனமான விஜிஏ கேபிள் தொங்கி எச்டிஎம்ஐ வாயை நெம்பாதபடி மேசைக் காலில் ஒரு கட்டுப் போடுங்கள். குட்டையான வால் உள்ள கன்வெர்ட்டர் இதற்காகவே நல்லது; விறைப்பான கட்டைத் தலை வாயைத் தளர்த்திவிடும். விஜிஏ திருகுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால், கழற்றும்போது போர்டிலுள்ள அறுகோண நட்டும் சேர்ந்து கழன்று வரும். கன்வெர்ட்டருக்கு யுஎஸ்பி மின்சாரம் கொடுத்து, மானிட்டரை ஆன் செய்து, அதன் மெனுவில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு கணினியை ஆன் செய்யுங்கள்.

விண்டோஸ் பட்டனோடு 'பி' (P) எழுத்தை அழுத்தினால் நான்கு தேர்வு வரும். 'டூப்ளிகேட்' நகல், 'எக்ஸ்டெண்ட்' என்பதுதான் மேசையை அகலமாக்குவது. பிறகு டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ். அங்கே 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கும். 'ஐடென்டிஃபை' அழுத்தினால் எந்த எண் எந்த மானிட்டர் என்று தெரியும். மேசையில் இடப்பக்கம் இருப்பதைத் திரையிலும் இடப்பக்கம் இழுத்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் மவுஸ் அம்பு சுவரில் முட்டி நிற்கும். கட்டங்களின் மேல்விளிம்பையும், மானிட்டர் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

கீழே ரெசல்யூஷனில் 'ரெகமெண்டட்' என்று இருப்பதையே வையுங்கள். 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யில் 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை மூடி வைத்துப் பெரிய திரையில் மட்டும் வேலை செய்ய, பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். ஒரு ஜன்னலைப் பக்கத்துத் திரைக்குத் தள்ள விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினால் போதும். எழுத்து ஒரு திரையில் பெரிதாகவும் மறுதிரையில் சிறிதாகவும் தெரிந்தால் 'ஸ்கேல்' எண்ணைத் திரைக்குத் திரை மாற்றலாம். ஆனால் பழைய மென்பொருள்கள் வேறு ஸ்கேல் உள்ள திரைக்குப் போனால் மங்கும். இரண்டிலும் ஒரே ஸ்கேல் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

படம் வராதபோது, மங்கும்போது

படமே இல்லை: விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு 'பி-ஓ-ஒய்' என்பதில் வரும் 'பி' (B, ஆங்கில இரண்டாம் எழுத்து) அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், திரை ஒருமுறை சிமிட்டும். வராவிட்டால் எந்தப் பொருளில் பிழை என்று பிரித்துப் பாருங்கள். அந்த மானிட்டரை வேறு கணினியில் மாட்டுங்கள், அந்தக் கேபிளை முதல் மானிட்டரில் மாட்டுங்கள். இரண்டும் ஓடினால் மிச்சம் கன்வெர்ட்டரும் வாயும்தான். கணினி ஆன் ஆகும்போது நிறுவனச் சின்னம் இரண்டாவது திரையில் தெரிந்து, விண்டோஸ் வந்ததும் மறைகிறதென்றால் வயர் சரி, அமைப்பில்தான் கோளாறு.

1024×768-க்கு மேல் ரெசல்யூஷனே காட்டவில்லை: மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்லும் வழி அறுந்திருக்கிறது. விஜிஏவில் 12, 15-ஆம் பின்கள் இதற்கானவை. கேபிளைக் கழற்றிப் பின்களை எண்ணுங்கள். 9-ஆம் பின் இல்லாமலிருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். 12 அல்லது 15 இல்லாமலோ மடங்கியோ இருந்தால் கேபிளை மாற்றுங்கள். மலிவு கேபிளில் பின் இருந்தும் உள்ளே வயர் இல்லாமல் இருப்பதும் உண்டு.

படம் வருகிறது, எழுத்து தெளிவில்லை: தமிழ் வாசகருக்கு இதைச் சோதிக்க அருமையான அளவுகோல் இருக்கிறது, மெய்யெழுத்துப் புள்ளி. 10 அல்லது 11 அளவில் 'பட்டுப்புடவைக்கடை' என்று தட்டுங்கள். ட், ப், க் மூன்றிலும் புள்ளி எழுத்திலிருந்து விலகித் தனியாக நின்றால் திரை சரி. புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கறையாகத் தெரிந்தால், ரெசல்யூஷன் மானிட்டரின் சொந்த அளவில் இல்லை அல்லது விஜிஏ ஒத்திசைவு தவறியிருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் நிறைய எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்துவிட்டு மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். வெற்று டெஸ்க்டாப்பில் அழுத்தினால் அது விளிம்பைச் சரியாகக் கண்டுபிடிக்காது. 18.5 அங்குல மானிட்டர்களில் 1366×768-க்குப் பதில் 1360×768 வந்து உட்காரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு வலப்பக்கம் நிழல்: கேபிள் மட்டம் அல்லது மிக நீளம். மேலும் கீழும் மெதுவாக நகரும் மங்கலான பட்டை: எர்த் கோளாறு, மேலே சொன்னதற்குத் திரும்புங்கள். திரை முழுக்க மஞ்சளோ ஊதாவோ பூசியதுபோல் இருந்தால் விஜிஏவில் ஒரு நிறத்துக்கான பின் தொடவில்லை. முதல் மூன்று பின்கள் சிவப்பு, பச்சை, நீலம்.

டிவியில் விளிம்பு வெட்டுப்பட்டு டாஸ்க்பார் தெரியாமல் போனால், டிவியின் படமெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று தேடுங்கள். கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி 'லிமிடெட்' என்பதை 'ஃபுல்' ஆக்குங்கள்.

முகப்பிலிருந்து வளவு வரை

கல்யாண வீட்டில் முகப்பில் கணினி, வளவில் திரை என்று கேட்பார்கள். முகப்பு, பட்டாலை, வளவு என்று நீளும் வீட்டில் கேபிள் போகிற வழியை அளந்தால் இருபது மீட்டர் லேசாக வந்துவிடும். கயிறு கட்டி அளங்கள். நேர்கோட்டுக் கணக்கு உதவாது, நிலைப்படி ஏறி இறங்குவதெல்லாம் சேரும். சாதாரண எச்டிஎம்ஐ செம்புக் கேபிள் 4கே 60-க்கு 5 மீட்டருக்கு மேல் சந்தேகம், 1080-க்கு 10 மீட்டர்வரை நம்பலாம். அதற்கு மேல் இரண்டு வழி. ஒன்று ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள். அதற்குத் திசை உண்டு, 'சோர்ஸ்' என்று எழுதிய முனை கணினிக்கு, 'டிஸ்ப்ளே' முனை திரைக்கு. கூர்மையாக மடக்கினால் உள்ளே இழை முறியும், மிதிபடவும் கூடாது. மற்றது கேட்-6 வயரில் (நெட்வொர்க் வயர்) ஓடும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் ஜோடி. முழுச் செம்பு வயராக வாங்குங்கள். சாதாரண ஜோடியை நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் வைக்காமல் நேருக்கு நேர் மாட்ட வேண்டும். எந்த முனைக்கு மின் அடாப்டர் வேண்டும் என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் பிறகு அந்த மெருகை யாராலும் ஒட்டுப்போட முடியாது. பர்மாத் தேக்குத் தூணைத் தொடவே வேண்டாம். வயரை உத்தரத்தின் மேல்விளிம்பில், பழைய வயரிங் பட்டைக்கு இணையாக ஒரு சாண் தள்ளி, பருத்தி நாடாவால் கட்டிக்கொண்டு போங்கள். மின்வயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். ஆத்தங்குடித் தளத்தில் டேப் ஒட்டாதீர்கள், பசை கறையாகும். வாசற்படியைத் தாண்டும் இடத்தில் மட்டும் கேபிள் மேல் ஒரு ரப்பர் மிதியடியை விரித்துவிடுங்கள். கூட்டம் கூடுவதற்கு முந்தின நாள், முழு நீளத்தையும் தரையில் விரித்து இரு முனையும் மாட்டி ஒரு மணி நேரம் படம் ஓட்டிப் பாருங்கள். உத்தரத்தில் கட்டிய பிறகு கேபிள் பழுது என்று தெரிந்தால் ஏணி மறுபடி வர வேண்டியிருக்கும்.